டிம்பர்லேக் பஞ்சாங்கம், பக்கம் பதினொன்று

டிக்ஸன் கிராசிங், அயோவா
1904 பிப்ரவரி 9

தம்பி ஓரினுக்கு,

ஆறு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். புதிதாக யாரும் சாகவில்லை. பழைய சாவு ஒன்றுதான் எனக்குப் போதாமல் இருக்கிறது.

உங்கள் கம்பெனிப் பஞ்சாங்கம் இந்த வருடமும் வந்துவிட்டது. மருந்துக்கடையில் சும்மா கொடுக்கிறார்கள், இந்த ஊரில் எல்லா வீட்டு அடுப்படியிலும் ஆணியில் தொங்குகிறது. விதைக்கும் நாள், அமாவாசை, கிரகணம் எல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் பதினொன்றில் நான். 'என் கணவர் ஈலம் ஹாக்ஸி, கல்லடைப்பால் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். வைத்தியர்கள் கைவிட்டார்கள். டாக்டர் டிம்பர்லேக் டானிக் எட்டு பாட்டில் குடித்தார். இன்று ஏர் பிடித்து உழுகிறார். சந்தேகம் உள்ளவர்கள் தபால்தலை வைத்து எனக்கு எழுதிக் கேட்கலாம்.' கீழே என் பெயர், ஊர், மாநிலம்.

எழுதிக் கேட்கிறார்கள், ஓரின். ஏழு வருடமாகக் கேட்கிறார்கள். போன மாதம் மட்டும் நாற்பத்து மூன்று பேர். தபால்காரர் கான்ட்ஸ், "என்ன லொவினா, நாடு முழுக்க மாப்பிள்ளை பாக்கிறியா? இன்னிக்கு அஞ்சு பேரு" என்று கிண்டல் செய்கிறார். முதலில் சிரித்தேன். இப்போது அவர் தலையைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது.

ஈலம் ஏர் பிடித்தது ஒன்பது நாள். அந்த ஆகஸ்டில் அவரைப் புதைத்தோம். ஒவ்வொரு கடிதத்துக்கும் உட்கார்ந்து, 'என் கணவர் இறந்துவிட்டார்' என்று எழுதுகிறேன். ஒரு பெண் எத்தனை தடவை விதவையாவது?

கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன், என் பெயரை எடுங்கள் என்று. மூன்று முறையும் அச்சடித்த நன்றிச் சீட்டு வந்தது, கூடவே ஆறு பாட்டில் டானிக் இனாம். கடைசிப் பெட்டியைப் பன்றித் தொட்டியில் கொட்டினேன். பன்றிகள் மறுநாள் மதியம்தான் எழுந்தன.

இப்போது மிஸ்ஸோரியிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அவள் புருஷனுக்கும் கல்லடைப்பு. கத்தி வைத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறாராம். கத்தியா, டானிக்கா என்று என்னைக் கேட்கிறாள்.

பஞ்சாங்கத்தை அச்சடிக்கிறவன் நீ. பதினோராம் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

லொவினா

*

எல்ம்பரி, நியூயார்க்
1904 பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி கோரா முதலில் படித்துவிட்டாள். "உங்க அக்காவுக்கு இன்னும் கோபம் ஆறல" என்றாள். கோபம் என்றாலும் எழுதினாயே, அது போதும் எனக்கு.

நீ நினைக்கிற மாதிரி அது சுலபம் இல்லை. பஞ்சாங்கத்துக்கு வருடா வருடம் புதிதாக அச்செழுத்துக் கோப்பதில்லை. தேதிப் பக்கங்கள் மட்டும்தான் புதிது. மற்றதெல்லாம் ஒருமுறை கோத்து, அப்படியே ஈயத்தில் தகடாக வார்த்து அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். உன் பக்கமும் தகடு. வருடத்துக்கு ஒரு தடவை துடைத்து இயந்திரத்தில் ஏற்றுவார்கள், ஐந்து லட்சம் பிரதி ஓடும், மறுபடி அலமாரிக்குப் போகும். அதை யாரும் வாசிப்பதுகூட இல்லை.

உள்ளே இருந்து பார்த்தால் இந்தத் தொழில் சிரிப்பாக இருக்கும் அக்கா. டாக்டர் டிம்பர்லேக் என்று ஒருவர் கிடையாது. அட்டையில் தாடியோடு இருப்பவர் எங்கள் தெரு நாவிதர். மருந்து ஒரே அண்டா, லேபிள் மூன்று. ஆண்களுக்குக் கல்லடைப்பு, பெண்களுக்குச் சோகை, பிள்ளைகளுக்குப் பூச்சி. பெயர் என்னவோ டானிக், சஞ்சீவி, ஜீவரசம் என்று போகும். உள்ளே இருப்பது சாராயம், கொஞ்சம் அபின், மணத்துக்கு ஏதோ வேர். உங்கள் மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் ஒரு நாளைக்கு மூன்று கரண்டி குடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறார்கள், தெரியுமா?

உன் பக்கத்தில் இருக்கிற படம் நீ இல்லை என்று கவனித்திருப்பாய். நீ கொடுத்த படத்தை முதலாளி ப்ரூயிட் பார்த்துவிட்டு, "புருஷன் பொழைச்ச பொம்பளைக்குக் கன்னத்துல சதை வேணாமா?" என்று சொல்லி, பாட்டில் அறையில் சமைக்கிற அம்மாவின் படத்தைப் போட்டார்.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா? கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நீதான். அத்தான் ஏர் பிடித்ததும் பொய்யில்லை. அவருடைய சவப்பெட்டியைத் தூக்க என் தோளை நீ வேண்டாம் என்றாய், ஊரே பார்க்க. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

தம்பி ஓரின்

*

டிக்ஸன் கிராசிங்
1904 மார்ச் 15

ஓரினுக்கு,

உன் தோளை ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குத் தெரியாதா? நான் சொல்கிறேன். சாவுக்கு வந்த நீ, ரயிலடியில் இறங்கியதும் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு கட்டுப் பஞ்சாங்கம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாய். மருந்துக்கடைக்காரர் மனைவியே துக்கம் கேட்க வந்த இடத்தில் சொன்னாள். "உன் தம்பி பாவம், கையோட வேலையையும் முடிச்சுட்டாரு." அதில் பதினோராம் பக்கம் இருந்தது. வீட்டுக்குள் அவர் பெட்டியில் கிடக்கிறார், கடையில் உன் பஞ்சாங்கத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கையெழுத்து நான் போட்டதுதான். மறுக்கவில்லை. எழுதியது யார்? என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நீ எழுதினாய். உங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன் எவனாக இருந்தாலும் சொந்தபந்தத்திடம் மூன்று நற்சாட்சிக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்ற வழக்கம் உண்டே. கோராவின் அம்மா ஒன்று, உன் மாமனார் வீட்டு வேலைக்காரி ஒன்று. மூன்றாவது கிடைக்காமல் இங்கே வந்தாய். ஈலம் அன்றுதான் எழுந்திருந்தார். "போடு லொவினா. பையனுக்கு வேலை நிக்கட்டும். நான்தான் எழுந்துட்டேனே" என்றார். நானும் சந்தோஷத்தில்தான் போட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

'வைத்தியர்கள் கைவிட்டார்கள்' என்று எழுதினாய். டாக்டர் ஹாஸ் கைவிடவில்லை. ஒமாஹாவுக்குக் கூட்டிப்போய்க் கத்தி வைக்கச் சொன்னார். நாள்கூடக் குறித்தாயிற்று. இவர் எழுந்து உழுவதைப் பார்த்து நாங்கள்தான் போகவில்லை. வலி தெரியவில்லை, அவ்வளவுதான். கல் அங்கேயேதான் இருந்தது. பத்தாம் நாள் விழுந்தவர் பிறகு எழவில்லை.

மிஸ்ஸோரிப் பெண்ணுக்கு இதையெல்லாம் எழுதினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? பஞ்சாங்கத்தின் பின்னட்டையில், 'பொறாமை பிடித்த வைத்தியர்கள் எங்கள் வாடிக்கையாளர் பெயரில் பொய்க் கடிதம் எழுதுவார்கள், நம்பாதீர்கள்' என்று ஒரு எச்சரிக்கை இருக்கிறதாம். அவள் அதை அப்படியே எடுத்து எழுதி, 'ஐயா, நீங்கள் எந்த டாக்டர்?' என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

அந்த எச்சரிக்கையையும் நீதான் கோத்தாயா?

லொவினா

*

எல்ம்பரி
1904 ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

ஆமாம், நான்தான் கோத்தேன்.

பஞ்சாங்கக் கட்டு விஷயம் நிஜம். அத்தான் பெட்டியில் கிடக்கிறார், எனக்கு எப்படியோ வீட்டுக்குள் வரப் பயம். வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு கால்மணி நேரம் தள்ளிப்போட்டேன். இதைச் சொன்னால் இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நடந்தது அதுதான்.

உனக்காக முதலாளியிடம் போனேன். வாயைத் திறக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. மனிதர் நல்லவர், குரலை உயர்த்தமாட்டார். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் வான்கோழி. நான் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"ஓரின், உங்க அத்தான் செத்துட்டாரா? எனக்கு ரொம்ப வருத்தம். ஆனா அந்தப் புஸ்தகத்துல இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் செத்துட்டாங்க. உயிரோட இருக்கிறவங்கதான் எனக்குத் தலைவலி. நாளைக்கு மனசு மாறுவாங்க, வக்கீலைக் கூட்டிட்டு வருவாங்க. செத்தவங்க கொடுத்த வாக்கு அப்படியே நிக்கும்."

"எங்க அக்கா உயிரோட இருக்காங்க சார்."

"அப்ப அவங்களுக்கு இன்னொரு பெட்டி அனுப்பு."

உன் வீட்டுக்கு இன்னொரு பெட்டி வரும். தடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

அக்கா, நான் என்ன செய்வது? நாங்கள் இருக்கிற வீடு கம்பெனியுடையது. நான்கு பெண்பிள்ளைகள். மூத்தவள் அங்கேயே லேபிள் ஒட்டுகிறாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது, கண்ணும் பழைய மாதிரி இல்லை. ஈய எழுத்தை விரலால் தடவித்தான் இப்போது பாதி வேலை நடக்கிறது. இந்த வயதில் வேறு யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்? தகட்டைத் தொட்டேன் என்று தெரிந்தால் மறுநாள் தெருவில் நிற்போம்.

என்னால் முடியாது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மிஸ்ஸோரிப் பெண்ணின் பெயரையும் ஊரையும் அனுப்பு. கம்பெனியிலிருந்து எழுதுகிற மாதிரி நானே அவளுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன்.

ஓரின்

*

டிக்ஸன் கிராசிங்
1904 ஜூன் 14

தம்பிக்கு,

பெயர் கேட்டிருந்தாய். சொல்ல மாட்டேன். உங்கள் கட்டடத்துக்குள் ஒரு பெண்ணின் பெயர் போனால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன்னை நம்பாமல் இல்லை. உன் மேசையில் கிடக்கிற காகிதத்தை வேறு யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நீ சத்தியம் செய்ய முடியுமா? அவள் பெயர் என்னோடு இருக்கட்டும்.

நேற்று அவளிடமிருந்து கடிதம் வந்தது. காகிதத்தில் சந்தோஷம் கொப்பளிக்கிறது. 'நீங்கள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது, திருமதி ஹாக்ஸி! ஒன்பதாவது பாட்டிலில் எழுந்துவிட்டார். காலையில் சோளக்கொல்லையில் களை கொத்தினார். கத்திக்காகக் குறித்திருந்த நாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.' நான் சொன்னது என்று அவள் எழுதுவது அச்சில் இருப்பதை. என் கையால் எழுதிய ஐந்து கடிதமும் அவளுக்கு யாரோ பொறாமைக்கார டாக்டர் எழுதியது.

படித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மாடு கறக்கக்கூட எழவில்லை. எனக்கு இந்த வருடம் ஐம்பத்து மூன்று. ஒருத்திக்குப் புரிய வைக்க முடியாத உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிறகு தோன்றியது, காகிதத்தை நம்பாவிட்டால் ஆளையாவது நம்புவாள். நாளை ரயில் ஏறுகிறேன். மாடுகளைக் கான்ட்ஸ் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். ஈலத்தின் கல்லறையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துப் போகிறேன். ஈலத்துக்கு ஒன்பது நாள் கிடைத்தது. இவருக்கு எத்தனை என்று தெரியாது. எழுந்து ஐந்து நாள் ஆகியிருக்கும்.

அக்கா

*

டிக்ஸன் கிராசிங்
1904 ஜூலை 2

ஓரின்,

போய்விட்டு வந்தேன்.

வீட்டைச் சொல்கிறேன். வெள்ளை வீடு, வாசலில் ஏதோ கீரைப் பாத்தி, சுத்தமான ஜெர்மன்காரர்கள். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், கையெல்லாம் மாவு. நான் பெயரைச் சொன்னதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அய்யோ, நீங்களா! உள்ள வாங்க, வாங்க. எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க!" மேசையில் உட்கார வைத்துக் காப்பி ஊற்றினாள், ஆப்பிள் கேக் வெட்டினாள். பிறகு ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பதினோராம் பக்கத்தைப் பிரித்தாள்.

அந்தப் படத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஏழு வருடம் பார்த்துப் பார்த்து அது என் கண்ணில் படுவதே இல்லை.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். கேக் வெட்டின கத்தியை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது நீங்க இல்லையே."

"இல்லம்மா. அது கம்பெனியில சமைக்கிற ஒரு அம்மா. என் தம்பி அங்கதான் வேலை பாக்கிறான், அவன் சொன்னான்."

"உங்க தம்பி கம்பெனியிலயே இருக்காரு. ஆனா கம்பெனி மருந்து பொய்யின்னு சொல்ல நீங்க வந்திருக்கீங்க."

கல்லறைப் படத்தைக் காட்டினேன். ஈலத்தின் பெயரையும் தேதியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். "யாரு கல்லறையை வேணும்னாலும் படம் எடுக்கலாமே" என்றாள், அடக்கமாகத்தான். கோபப்படவில்லை. ஏமாற்றுக்காரியிடம்கூட மரியாதையாகப் பேசுகிற பெண். நான் கெஞ்சினேன், ஓரின். யார் முன்னாலும் கெஞ்சியதில்லை நான். "இன்னிக்கே வண்டி கட்டுங்க. நானும் கூட வரேன். கத்தி வச்சுக் கல்லை எடுத்துட்டா போதும், பொழைச்சுக்குவாரு" என்றேன். அவள் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். மீதிக் கேக்கைத் துணியில் கட்டிக் கொடுத்தாள், வழிக்கு ஆகும் என்று.

வெளியே வந்தால் அவள் புருஷன் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருக்கிறார். நல்ல உயரம். என்னைப் பார்த்து ஒரு கையால் தொப்பியைத் தூக்கினார். முகம் மஞ்சளாக இருந்தது. ஈலத்துக்கும் அப்படித்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று, "ஐயா, உங்களுக்கு வலி போகல, மரத்துப்போயிருக்கு" என்று கத்தினேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது போல. சிரித்தார்.

அச்சில் இருப்பதைத்தான் இவர்கள் நம்புவார்கள். நான் நேரில் நின்றாலும் நான் இல்லை. அடுத்த பஞ்சாங்கம் வருவதற்குள் இந்த மனிதர் இருப்பாரா என்று தெரியாது. ஆனால் அதற்கடுத்த கல்லடைப்புக்காரன் எங்கேயோ இருக்கிறான், அவன் பெண்டாட்டி மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள்.

உன்னை இனிமேல் கேட்கமாட்டேன். உன் நான்கு பிள்ளைகளும் எனக்குப் பிள்ளைகள்தான். ஆனால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எழுதினேன்.

அக்கா

*

எல்ம்பரி
1904 ஆகஸ்ட் 30

அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பதினோராம் பக்கத்தை மாற்றிவிட்டேன்.

எடுக்கவில்லை. எடுத்தால் தகட்டில் ஓட்டை தெரியும், இயந்திரக்காரன் கேட்பான். உன் கடிதத்தின் கடைசி மூன்று வரியை மட்டும் ரம்பத்தால் அறுத்தேன். அதே அளவில் புதிதாக மூன்று வரி கோத்து, வார்த்து, பற்றவைத்து, ராவி மட்டம் பார்த்தேன். சாப்பாட்டு வேளைகளில் செய்தேன், ஆறு நாள் ஆனது. கோரா என் சாப்பாட்டுத் தூக்கு காலியாகாமல் திரும்பி வருவதைப் பார்த்து, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று டிம்பர்லேக் டானிக்கையே ஊற்றிக் கொடுத்தாள்.

இப்போது அங்கே இருப்பது இதுதான்: 'ஒன்பது நாள் ஏர் பிடித்தார். அதை நம்பிக் கத்தி வைக்காமல் விட்டோம். அந்த ஆகஸ்டிலேயே இறந்தார்.' உன் பெயர் கீழே அப்படியே இருக்கிறது. முதல்முறையாக உன் பெயருக்கு மேலே நீ சொன்னது இருக்கிறது.

புதிதாக வந்த நற்சாட்சிக் கடிதங்களும் இருந்தன, எதிர்ப் பக்கத்துக்கு. அவற்றை எப்போதும்போலக் கோத்துக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றிலும் கை வைத்தால் பிடிபட்டிருப்பேன். மெய்ப்பு பார்ப்பதும் நான்தான். ப்ரூயிட் அட்டையை மட்டும் பார்ப்பார், பாட்டில் படம் கொழுகொழுவென்று இருக்கிறதா என்று.

ஐந்து லட்சமும் ஓடி முடிந்துவிட்டது. பெட்டிகள் ரயிலேறிவிட்டன. எனக்கு இருப்பது பயமா, நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை. உன் கடிதத்தில் அந்த மனிதர் தொப்பியைத் தூக்கினார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

அவர் எப்படி இருக்கிறார்? ஏதாவது தெரிந்தால் எழுது.

ஓரின்

*

எல்ம்பரி
1904 டிசம்பர் 3

அக்கா,

கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. ஒஹாயோவில் ஒரு மருந்துக்கடைக்காரர் பஞ்சாங்கத்தை உட்கார்ந்து படித்திருக்கிறார். இப்படியும் மனிதர்கள்.

ப்ரூயிட் என்னைக் கூப்பிட்டு மேசையில் பக்கத்தைப் பிரித்து வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நீட்டா செஞ்சிருக்கே ஓரின். இணைப்பே தெரியல. உன்ன மாதிரி கைக்காரனை இனிமே நான் எங்க தேடுவேன்?"

"திரும்ப வாங்கிடுவீங்களா சார்?"

"அஞ்சு லட்சத்தையுமா? விடு. கடைசி வரி வரைக்கும் யாரு படிக்கிறா? படிச்சாலும் பரவாயில்ல. நோயாளி அவனுக்கு வேண்டியதைத்தான் படிப்பான்."

வேலை போய்விட்டது, கிறிஸ்துமஸ் வரைக்கும் கம்பெனி வீட்டில் இருக்கலாம் என்றார். வான்கோழியும் உண்டாம். மூத்தவளையும் லேபிள் அறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கோரா என்னோடு பேசுவதில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். நானும் கூட வரலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன்னைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த வரிகளை யாராவது படித்தார்களா? உனக்குக் கடிதம் வருவது நின்றதா? அது நின்றிருந்தால் மற்றதை நான் சமாளித்துக்கொள்வேன். அங்கே வந்து உன்னோடு கொஞ்ச நாள் இருக்கலாமா?

ஓரின்

*

டிக்ஸன் கிராசிங்
1905 ஜனவரி 22

அன்புள்ள தம்பி,

உன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். நிற்கவில்லை. இந்த மாதம் முப்பத்தொன்று வந்திருக்கிறது.

உன் வரிகளைப் படித்திருக்கிறார்கள், ஓரின். எல்லாரும் படித்திருக்கிறார்கள். கான்ஸாஸிலிருந்து ஒருத்தி எழுதுகிறாள்: 'உங்க வீட்டுக்காரர் எட்டு பாட்டிலோட நிறுத்தினதுதான் தப்பு. நாங்க ரெண்டு டஜன் வாங்கி வச்சிட்டோம்.' ஒரு கிழவர் எழுதுகிறார்: 'அவர் உழுததால்தான் செத்தார். எனக்கு வேலை செய்கிற உத்தேசமே இல்லை, ஆகையால் சாப்பாட்டுக்கு முன் குடிக்கலாமா, பின் குடிக்கலாமா?' உன் முதலாளி முட்டாள் இல்லை.

ஆனால் இதையும் கேள். நெப்ராஸ்காவிலிருந்து ஒரு கடிதம். கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்கே புருஷனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கத்தி வைத்திருக்கிறாள். பிழைத்துவிட்டார். எடுத்த கல்லை உப்பு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார்களாம். இதைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்து அழுதேன். ஒரு ஆள், ஓரின். அதைச் செய்தது நீ.

இனி மற்றது. இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

மிஸ்ஸோரிப் பெண்ணின் புருஷன் அக்டோபர் 14 அன்று போய்விட்டார். அவளே எழுதினாள். எழுதியதை அப்படியே தருகிறேன்.

'புதுப் பஞ்சாங்கத்துல நீங்க எழுதினதைப் பார்த்தேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்தது நீங்கதான்னு இப்ப தெரியுது. உங்களை வெளியே அனுப்பின கதவுல தினமும் கைய வைக்கிறேன். உங்களுக்கு என்மேல கோபம் இருக்கும். ஆனா ஒண்ணு கேக்கணும், கேக்க வேற ஆள் இல்ல. அவரு எழுந்த அன்னிக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கல. அன்னிக்கே கம்பெனிக்கு எழுதிட்டேன். இப்ப நான் பத்தாம் பக்கத்துல இருக்கேன். இதுவரைக்கும் எனக்கு எட்டு பேர் எழுதியிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் நீங்க என்ன பதில் எழுதுவீங்க?'

பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தேன். எனக்கு நேர் எதிரில் இருக்கிறாள். ஒட்டிலி கிரான்ஸ். நீ கோத்த எழுத்து.

உன்னைச் சொல்லி என்ன? பெயர் கேட்டாய், உன் கட்டடத்துக்குள் போய்விடும் என்று பயந்து நான்தான் மறைத்தேன். சொல்லியிருந்தால் ஜூலையில் அந்தக் காகிதம் உன் கைக்கு வந்தபோது உனக்குத் தெரிந்திருக்கும். இதையும் நான்தான் செய்தேன். யார் எதைச் செய்தோம் என்று பிரிக்க எனக்கு இப்போது சக்தி இல்லை.

ஒட்டிலிக்குப் பதில் எழுதிவிட்டேன். எட்டுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு, சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம் என்றேன். பிள்ளை குட்டி இல்லாதவள். பிப்ரவரி முதல் வாரம் வருகிறாள்.

நீயும் வா. மாடியறை உனக்குத்தான். உன்னை என் வீட்டுக்குள் வராதே என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "நீங்க யாரு, என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்பாள். கேட்கத்தான் செய்வாள், நல்ல பெண். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் இப்போது நம்புவாள், அதனாலேயே என்னால் சொல்ல முடியாது.

அக்கா லொவினா